சுருங்கிப்போன மயில்

"இது மயிலா, மழையில நனைஞ்ச கோழியா? நீயே சொல்லு!"

ஜாக்கெட் துணியை, வீட்டிலேயே எம்ப்ராய்டரிக் கடை நடத்தும் இருளம்மாளின் மடியில் விட்டெறிந்தாள் கனகலட்சுமி. ராஜபாளையத்தில் மகளிர் மன்றத் தலைவி. சும்மா பேசினாலே மைக் பிடித்த மாதிரி இருக்கும். நாளைக்கு மகள் கல்யாணம் வேறு.

"துணி லேசா சுருங்கிருச்சுக்கா..."

"சுருங்காம? அடியில பேப்பர் குடுத்து, ஃபிரேம்ல விறைப்பா மாட்டிட்டுல்லா மயில் போடணும்! இந்தா, வேற துணி. சாயங்காலத்துக்குள்ள புதுசாப் போட்டாத்தான் டெய்லர் ராத்திரி தைச்சுத் தருவான். இல்லேன்னா எம்மக மணவறையில எதை உடுத்துவா?"

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. இருளம்மாளின் புருஷன் முத்துராமலிங்கம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி! அந்த மெஷினைத் தூக்கித் தெருவுல போடு! ராவும் பகலும் கடகடன்னு... நேரத்துக்கு ஒரு வாய் சோறு உண்டா இந்த வீட்டுல? இதுல வாரவ போறவ பேச்சை வேற கேக்கணுமா?"

கனகலட்சுமிக்கு மயில் மறந்துபோனது. இத்தனை வருடமாக மகளிர் தின மேடைகளில் அவள் திட்டித் தீர்த்த ஆண் இனம் மொத்தமும் ஒரே லுங்கியில் வந்து நின்றது.

"ஏன் அண்ணாச்சி, பொண்டாட்டி நாலு காசு சம்பாதிச்சா பொறுக்கலையோ? அவ இடுப்பொடிய உக்காந்து தைக்கா, உங்களுக்கு நேரத்துக்குச் சோறு வேணுமாக்கும்! ஒரே ஒரு நாள் அந்த மெஷின் முன்னால உக்காந்து பாருங்க, தெரியும்!"

அவர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். வாசல் போர்டில் 'இருளம்மாள் எம்ப்ராய்டரி' என்றிருந்ததைப் பார்த்தார். மூடிக்கொண்டார். புதுத் துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

"அய்யய்யோ, துணியைக் கொண்டு போறாரே! கிழிச்சிருவாரு! எந்திரி இருளம்மா, போய்ப் பிடுங்கு! இப்படிப் பயந்து பயந்துதான் நம்ம பொம்பளைக..."

உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது.

இருளம்மாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"சாயங்காலம் வாங்கக்கா. பட்டாளத்துக்காரர் பூ தைக்கார்னு ஊருக்குத் தெரியப்படாதாம். எனக்கு அளவெடுக்கிறதும், ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்குறதும்தான் வேலை."