கசடுமேட்டின் கடைசி வீடு

இரும்பு உருக்கும் உலைகளையெல்லாம் மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் உலைகள் கொட்டிவிட்டுப் போன கசடை அரைத்துச் செய்த சிமெண்டில்தான் காற்றாலைக்கு அடித்தளம் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் சேலத்தில் மிஞ்சியிருந்த ஒரே கசடுமேட்டையும் தோண்ட வந்தார்கள். மேட்டில் குடியிருந்த பன்னிரண்டு குடும்பங்களில் பதினொன்று புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டன. செங்கமலம் மட்டும் நகரவில்லை. அவள் கணவர் மாதையன், பழைய உலைத் தொழிலாளி, படுத்த படுக்கையாக இருந்தார்.

"டாக்டர் பத்து நாள்னு சொல்லிட்டாருங்க. அதுவரைக்கும் இந்த ஊட்லயே இருக்கட்டுமே" என்று அதிகாரி திலகவதியிடம் கேட்டாள்.

"இந்தக் கான்கிரீட் நல்லா இறுக மூணு மாசம் ஆகும்மா. இப்பவே போட்டாத்தான் ஆடிக் காத்துக்கு ஆலை சுத்தும்" என்றபடி திலகவதி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மாதையன் கண் திறந்து, "வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்றார்.

திலகவதி தண்ணீரைக் குடித்தாள். வெளியே போய் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னாள்.

மாதையன் பத்து நாளில் போகவில்லை; ஐம்பத்திரண்டு நாள் இருந்தார். கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண் பார்க்க வந்த அன்று பேசாமல் விட்டதையெல்லாம் செங்கமலத்திடம் பேசித் தீர்த்தார்.

ஆடி வந்தபோது அடித்தளம் இறுகியிருக்கவில்லை. செங்கமலமும் குடிபோயிருந்த புதுக் குடியிருப்பில் தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றது.

"எந்த மகராசனால இந்த வருசக் காத்து வீணாப்போச்சோ!" என்று வெளியூரிலிருந்து குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி விசிறிக்கொண்டே திட்டினாள்.

"எங்க ஊட்டுக்காரராலதான்" என்றாள் செங்கமலம். "இன்னும் பத்து நாள் இருந்திருக்கலாம்."