மூப்பர் கடை வண்டி

"இந்த வண்டி உங்களுக்கு எதுக்கு சார்? உங்க பவுசுக்கு ஒரு கோவேறு கழுதை போதாதா?"

விற்க வேண்டிய ஆளே இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? வெண்டலுக்குக் காது வரைக்கும் சூடேறியது. பக்கத்தில் மகள் ஷெல்பி வேறு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னய்யா சொன்னே?"

"உள்ளதைத்தான் சொன்னேன்." பழைய வண்டிக் கடையின் விற்பனைக்காரன் டெல்பர்ட் பல்லைக் குத்திக்கொண்டே பேசினான். "இது பெரிய பிக்கப். எட்டு சிலிண்டர். இதைக் கட்டி மேய்க்க ஒரு தரம் வேணும். அந்தாண்ட சின்னக் கார் நிக்குது, அதைப் பாருங்க. இல்லேன்னா வேற கடை பாருங்க."

வெண்டல் கோடை முழுக்க அலைந்து பொறுக்கிய வண்டி அது. வாரநாளில் துல்சா நகரத்துக்கு வேலைக்கு ஓட்ட வேண்டும். சனிக்கிழமையானால் ஷெல்பியின் பந்தயக் குதிரைகளை டிரெய்லரில் இழுக்க வேண்டும். போன மாதம் மேடு ஏறும்போது பழைய வண்டியின் கியர் விட்டுப்போய், குதிரையும் டிரெய்லருமாகப் பின்னால் உருண்டு வேலியில் முட்டி நின்றது. வண்டிக்குள் ஷெல்பி இருந்தாள். நம்பகமான வண்டி வருகிற வரைக்கும் பெண்ணை ஏற்றினால் நடக்கிறதே வேறு என்று மனைவி நடீன் சொல்லிவிட்டாள்.

"உன் முதலாளி ஹாலிஸ் யாருன்னு தெரியுமா? எங்க சர்ச் சபையோட மூப்பர்."

"அவர் சாப்பிடப் போயிருக்கார். நீங்களும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

"அப்பா, போலாம்ப்பா," என்று ஷெல்பி கையைப் பிடித்து இழுத்தாள்.

வழியெல்லாம் வெண்டல் நடீனுடைய காரின் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தார். சாப்பாட்டு மேசையில் வறுத்த கோழி ஆறிப்போனது.

"என் பொண்ணு முன்னாடி, நடீன். கழுதை போதும்ங்கிறான்."

"விடுங்க. ஊர்ல வேற கடையே இல்லையா?"

"கடை இருக்கு. என் மானம் எங்க இருக்கு? அவனை அந்த இடத்தை விட்டுக் கிளப்பாம நான் ஓயமாட்டேன்."

ஓயவும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காப்பி மேசை அருகே மூப்பர் ஹாலிஸைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினார். ஹாலிஸ் அவர் தோளில் கை போட்டார்.

"பிரதர், எனக்கே தலைகுனிவா இருக்கு. நாளைக்கு வாங்க. அந்த ஆள் இருக்கமாட்டான், வண்டி இருக்கும். விலையிலயும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்."

திங்களன்று போனபோது, டெல்பர்ட் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தான். வெண்டலுக்கு வயிறு குளிர்ந்தது.

"வாய்க்கொழுப்பு எங்க கொண்டுபோய் விட்டுச்சு பாத்தியா?"

டெல்பர்ட் நின்றான். "சரி சார், வேலைதான் போயிடுச்சே. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து ஒரு தடவை பாருங்க. பின்சக்கரத்துக்கு அந்தாண்ட."

வேறு கடையாயிருந்தால் வெண்டல் முதல் நாளே படுத்துப் பார்த்திருப்பார். அந்த ஊரில் எவனும் அதைச் செய்யாமல் பழைய வண்டி வாங்கமாட்டான். ஆனால் சபை மூப்பர் விற்கிற வண்டிக்கு அடியில் படுப்பதா? அவர் முகத்தில் துப்புகிற மாதிரி அல்லவா அது? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள் கைகுலுக்கினால் முடிந்தது.

அதனால் கோபத்தோடுதான் படுத்தார். இவன் புளுகை இவனுக்கே காட்டிவிடலாம் என்று படுத்தார்.

டிரெய்லர் மாட்டுகிற கொக்கிக்கு மேலே, வண்டியைத் தாங்குகிற சேசிஸ் சட்டம் துருவேறி விரிசல் விட்டிருந்தது. பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுகிற ஏதோ வடக்கு ஊரில் ஓடிய வண்டி. விரிசலுக்கு ஒப்புக்கு ஒரு வெல்டிங், அதன்மேல் புதுக் கறுப்புப் பெயிண்ட். விரலால் சுரண்டினார். துரு கொத்தாக உதிர்ந்தது. குதிரைகளோடு மேடு ஏறினால் டிரெய்லர் அப்படியே பிய்த்துக்கொண்டு போகும்.

எழுந்தபோது எதிரே ஹாலிஸ், சாவியும் பேனாவுமாக.

"என்ன பிரதர், அடியில படுத்தா பார்த்தீங்க? நமக்குள்ள நம்பிக்கை அவ்வளவுதானா?"

"நம்பிக்கையைப் பத்தி நீ பேசாதே." வெண்டல் துரு ஒட்டிய விரலை நீட்டினார். "என் பொண்ணு உட்காரப்போற வண்டிடா இது. தெரிஞ்சேதானே என் தலையில கட்டப் பார்த்தே?"

"நான் ஏலத்துல எடுத்தேன், அப்படியே விக்க நிறுத்தினேன் பிரதர். கர்த்தருக்குத் தெரியும்..."

கர்த்தர் பேச்சைக் கேட்க வெண்டல் நிற்கவில்லை. அட்டைப்பெட்டியோடு சாலைக்குப் போய்விட்டவனிடம் ஓடினார். அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"யோவ், இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னய்யா? எதுக்கு என்னை அவ்வளவு கேவலப்படுத்தினே?"

டெல்பர்ட் பெட்டியைத் தன் காருக்குள் வைத்தான்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு உள்ளதைச் சொன்னேன் சார். உங்க சபைக்காரர்தான். மூப்பரைப் பத்தி அபாண்டம் பேசறியான்னு என்னை ஏசிட்டு, நேரா அவர்கிட்டயே போய்க் கையெழுத்துப் போட்டு வண்டியை ஓட்டிட்டுப் போனார். அன்னைக்கே என் வேலை போயிருக்கணும், கால்ல விழாத குறையாக் கெஞ்சித் தப்பிச்சேன். அதான் உங்களை அவமானப்படுத்திப் பார்த்தேன். அந்தக் கோபத்துலயாவது வேற கடைக்குப் போவீங்கன்னு நினைச்சேன். அப்பவும் நீங்க அவர்கிட்டதான் போனீங்க."