கீழவயல் மண்

கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் மூத்த மகன் தணிகாசலம், அவர் மனைவி பூரணி, பெரியவரின் தங்கை செண்பகவல்லி. பெரியவருக்கு உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மண்ணாசை தீரட்டும் என்று சொந்த வயலின் செம்மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். பெரியவர் துப்பிவிட்டார்.

"தம்பிகிட்ட பிடுங்குனாரே கீழவயல், அந்தக் கரிசல் மண்ணைக் கேக்குறாருடா," என்றாள் செண்பகவல்லி.

"வாயக் கழுவுங்க அத்தை. அதைக் கொண்டாந்து ஊத்துனா, பிடுங்குனது நெசம்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி."

பூரணி வெளியே போனாள். வெகுநேரம் கழித்து வந்து டம்ளரைச் சாய்த்தாள். பெரியவர் தாமாகவே வாயைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை ஆவலாக விழுங்கினார். பிறகு கண் நிலைகுத்தியது. தணிகாசலம் அப்பாவின் உதட்டிலிருந்த கறுப்பைத் தம் துண்டால் அழுந்தத் துடைத்தார்.

கீழவயல் மண்ணைக் குடித்துத்தான் பெரியவர் போனார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கடைசியாக ஊற்றியது பால்.