எழுதின கை

"எழுதின கை விளங்குமா? புழுத்துப் போகும்!"

மாடி வீட்டம்மா யாரையும் பார்த்துத் திட்டவில்லை. ஆனால் படியில் கூடியிருந்த தெருக்காரர்கள் எல்லோரும் கீழ் வீட்டுத் தையல்காரரைத்தான் பார்த்தார்கள். நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தியதைத் தவிர அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

சரி, ஒன்றே ஒன்று அறிவார்.

சாட்சிக் கையெழுத்துக்காக நகராட்சி அதிகாரி அவரை உள்ளே இழுத்து வந்திருந்தார். அந்த வீட்டுக்குள் வெளியாள் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஜன்னலெல்லாம் அடைத்து மூச்சு முட்டியது. கட்டில் முழுக்கப் பூனைகள். அந்தம்மா தூங்குவது நாற்காலியில்.

"வீட்டுக்கு நாலு பூனைதாம்மா சட்டம். அதுக்கு மேல வச்சுக்கிட்டு வைத்தியமும் பாக்கலைன்னா கேஸ்." அதிகாரி புகார்க் கடிதத்தைப் பிரித்தார். "மொத்தம் இருபத்தி மூணு. பரண்ல ஒரு தாய், மூணு குட்டி. ஒண்ணுக்குக் கண்ணுல சீழ்."

ஏணியில் ஏறிய ஊழியர் எட்டிப் பார்த்தார். "அப்படியே இருக்கு சார்!"

எவன் இப்படி உளவு பார்த்தான் என்று தையல்காரர் மண்டையைக் குடைந்துகொண்டார்.

"ஏம்மா இத்தனை சேர்த்தீங்க?" என்றார் அதிகாரி.

"நான் எங்க சார் சேர்த்தேன்? விடிஞ்சா வாசல்ல ஒரு பெட்டி இருக்கு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

காது கிழிந்த பூனை ஒன்று தையல்காரரின் காலில் வந்து உரசியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாசம் அவரே அட்டைப் பெட்டியில் போட்டு இந்த வாசலில் வைத்துவிட்டுப் போன பூனை.

கூண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு அந்தம்மா அழுத அழுகையில் அதிகாரிக்கே கண் கலங்கியது. கடைசியில் நாலு பூனைகள்தான் மிஞ்சின.

வண்டி போனதும் அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

தையல்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தங்கச்சி, காது கிழிஞ்சதைப் பெட்டியில வச்சவன் நான்தான். தப்புதான். ஆனா சத்தியமா சொல்றேன், புகார் எழுதினது என் கை இல்லம்மா."

நகக்கீறல் நிறைந்த தன் வலது கையை அவள் விரித்துப் பார்த்தாள்.

"தெரியும்ணே. இந்தக் கைதான்."