காஜா எடுத்த கடிதங்கள்

"கடிதத்துல கத்தரிக்கோல் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

தையல்கடை மேஜையில் கடிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு அவள் கேட்டாள். காலமான எழுத்தாளரின் மகள். அப்பா வாழ்ந்த வீட்டையே நினைவகமாக்கி, அச்சில் வராத அவருடைய கடிதங்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கிறவள். எல்லாவற்றையும் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறாள். புத்தகமாகவும் போடப்போகிறாள்.

தையல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

அவள் ஒரு கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடைசி வரிக்கு மேலே, சட்டைக்குக் காஜா எடுத்த மாதிரி சுத்தமாக ஒரு நீள ஓட்டை. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"எல்லாத்துலயும் ஒரே இடம். 'வீட்டில் எல்லோரும் சுகமா'ன்னு கேட்கிறார். அதுக்குக் கீழ ஓட்டை. அங்க என்ன இருந்தது?"

"என்னைக் கேலி பண்ணியிருந்தார்."

"எடுத்த எடுப்புல 'அன்புள்ள கோணக்கத்தரிக்கு'ன்னுதானே எழுதியிருக்கார். அதை விட்டுட்டீங்களே?"

அது தையல்காரருக்குப் பிடித்த பேர். எழுத்தாளர் பேரும் புகழும் இல்லாமல் மாடியறையில் குடியிருந்த காலம். கீழே இவர் கடை. முதன்முதலில் தைத்துக்கொடுத்த கால்சட்டையில் ஒரு கால் கட்டை, ஒரு கால் நெட்டை. அதையே மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பி, யாராவது சிரித்தால் "கால்சட்டை சரியாத்தான் இருக்கு, தெருதான் சாய்வு" என்று சொன்ன மனுஷன்.

ஒரு கதை எழுதி முடித்தால் காகிதமும் கையுமாக இறங்கி வருவார். "மெஷினை நிறுத்துடா, கேளு" என்பார். வேறு ஊருக்குக் குடிபோன பிறகு, கதை படித்துக்காட்ட ஆளில்லாமல்தான் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

"அதைவிட மோசமா ஒரு பேர் வச்சிருந்தார்" என்றார் தையல்காரர்.

"என்ன பேர்?"

"சொல்றதா இருந்தா ஏம்மா வெட்டப்போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பாவோட எழுத்து ஒவ்வொண்ணும் பொக்கிஷம், பெரியவரே. உங்க வறட்டு கௌரவத்துக்காக அதைப் பாழாக்கலாமா?"

பெரியவரே. விடுமுறைக்கு வந்தால் இதே மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தையல் மாமா, என் பொம்மைக்கும் சட்டை" என்று உயிரை வாங்கினவள்.

தையல்காரருக்குச் சுருக்கென்றது.

"வெட்டறதைப் பத்தி நீங்க பேசாதீங்கம்மா. நினைவகச் சுவத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கீங்க. அதுல உங்க அப்பா தோள் மேல ஒரு கை இருக்கு. கையை விட்டுட்டு ஆளை வெட்டிட்டீங்க. திறப்பு விழாவுக்கும் அந்தக் கைக்குத்தான் அழைப்பு அனுப்பினீங்க போல. எனக்கு வரலை."

அவள் முகம் சுருங்கியது. "படம் சட்டத்துக்குள்ள அடங்கலை. ஓகோ, அந்தக் கோபத்துலதான் இதை வெட்டினீங்களா?"

"அப்படியே வச்சுக்குங்க."

"முன்னுரையில 'உயிர் நண்பர்'னு உங்களுக்காக ஒரு பக்கம் எழுதிவச்சிருக்கேன். வெட்டின துண்டுகளைக் குடுங்க, ஒட்டிக்கிறேன். பக்கம் அப்படியே வரும். இல்லேன்னா, கடிதங்களைச் சிதைச்சவர்னுதான் உங்களைப் பத்தி அச்சாகும். இனிமே படிக்கிறவங்க எல்லாரும் உங்களைத் திட்டுவாங்க."

தையல்காரர் மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். அந்த எழுத்தாளர் எனக்கு உயிர் நண்பன் என்று சொன்னால் இந்தத் தெருவில் இன்றைக்கும் எவனும் நம்புவதில்லை. அச்சில் ஒரே ஒரு பக்கம் வந்துவிட்டால் போதும், எல்லார் வாயையும் அடைத்துவிடலாம். அந்த ஆசையில்தான் கடிதங்களைப் பழைய லைனிங் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்தார்.

"துண்டெல்லாம் அடுப்புல போட்டாச்சு" என்றார்.

அவள் கடிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். கோபத்திலும் அவள் கை பதமாகத்தான் எடுத்துவைத்தது. வாசல்வரை போனவள் நின்றாள்.

"எத்தனையோ பேர்கிட்டே இருந்து அப்பா கடிதங்களை வாங்கிட்டேன். ஒண்ணுலயாவது என்னைப் பத்தி ஒரு வரி இருக்காதான்னு தேடறேன். உங்களுக்குத்தான் நிறைய எழுதியிருக்கார். இதுலயும் இல்லை."

"எனக்கு எழுதறப்போ என் கத்தரியைப் பத்தி எழுதவே அவருக்கு இடம் போதாதும்மா. நேர்ல வந்தா முழுக்க உங்க பேச்சுதான்."

"நிஜமாவா?"

"பின்னே? என்னை வேலை செய்ய விடாம பேசுவார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தாள்.

"உங்க பேரை நாறடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போறா. நீங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டறீங்க. அவர் உங்களை எந்தக் காலத்துல மோசமா எழுதினார்? நிஜமா அங்க என்னதான் இருந்தது?"

"அவன் வீட்டு சேதி. ஒரு கடிதம் விடாம அதை எழுதுவான்."

"என்னன்னு?"

"மகனை 'வரவு'ன்னு எழுதுவான். அப்பா காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு வீட்டை வித்துடலாம்னு நின்னானே, அவனைத்தான். 'வரவு நலம்.'"

"சரி, இந்தப் பொண்ணை?"

தையல்காரர் தெருப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'செலவும் இருக்கிறது.'"