தோளில் ஊற்றிய தண்ணீர்

ஐப்பசி பாதி போயும் மழை இறங்காத பசுவந்தனையில் உச்சிவெயிலில் கண் கூசுகிறது. நாளை கொடைக்கானல் மலை ஏரியில் மீன்பிடி வேலைக்குப் போகிற இசக்கிபாண்டி, விதைக்காத கரிசல் காட்டோரம் பனியன், முழுக்கைச் சட்டை, கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறான். கழுத்தில் வேர்வை வழிகிறது. "கையத் தூக்குங்க, தூண்டில் வீசணும்லா" என்கிறாள் மனைவி ரேணுகாதேவி. தூக்குகிறான். கக்கத்தில் பிடிக்கிறது. முழுக்கைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மற்றதை மறுபடி மாட்டிவிடுகிறாள். இப்போது கை தாராளமாக மேலே போகிறது. "அங்கன எந்நேரமும் மழையாம்" என்றபடி ஒரு செம்புத் தண்ணீரை அவன் தோளில் ஊற்றுகிறாள். கோட்டில் ஒட்டாமல் உருண்டு இறங்குகிறது. "உள்ள நனையுதா?" "இல்லட்டி." இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். விழுந்த தண்ணீர் நிலவெடிப்புக்குள் போய்விட்டது. விளிம்பு மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுக்கிறது.