கிட்டாரின் காது

“பழைய காத எங்கடா வெச்சிருக்கே? குடு.”

ஓரிக்கை கடைத்தெருவில் ஜான்சனின் செல்போன் ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள் சுகாசினி. முகத்தைப் பார்த்தே ஜான்சன் எழுந்து நின்றுவிட்டான்.

காது என்று அவள் சொன்னது கிட்டாரின் பிக்கப்பை. தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் காந்தம். சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். “இது கிட்டாரோட காதும்மா. நாம பேசறதுகூட இதுக்குக் கேக்கும்” என்று அவளுடைய அண்ணன் தினேஷ் வைத்த பெயர்.

கேட்கவும் செய்தது. அவ்வளவு பழைய பிக்கப் அது; புதுசுக்கு இப்படிக் கேட்காது. வாசிக்க உட்கார்ந்தால் தினேஷுக்கு உலகமே மறந்துவிடும். தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டான். சுகாசினி கிட்டாரிடம் குனிந்து, “அண்ணா, சோறு ஆறிப்போவுதுபா” என்பாள். ஸ்பீக்கர் அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லும். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வருவான்.

போன மழைக்காலத்தில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. கிட்டார் மட்டும் இருந்தது. அது வீட்டில் சும்மா கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவன் வாராவாரம் வாசித்த சர்ச் சபைக்கே கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையாவது அண்ணன் சத்தத்தைக் கேட்கலாமே என்ற ஆசைதான். வேறென்ன இருக்கிறது அவளுக்கு?

அதை வாசிக்க வந்தவன் இந்த ஜான்சன். கூலிங் கிளாஸ் ஒன்றுதான் குறை. முன்னால், ஸ்பீக்கர் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் காலை அகட்டிக்கொண்டு நின்றான். முதல் பாட்டை ஆரம்பித்ததுமே கிட்டார் ‘கீ’ என்று கத்தியது. குழந்தைகள் அலறின. பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“பிக்கப்ப மாத்துபா. இல்லன்னா கிட்டாரையே மாத்திடலாம்” என்றார் பாஸ்டர். சபையிலேயே புதுசு வாங்கியும் கொடுத்தார்கள்.

“நானே மாத்திடறேன் பாஸ்டர்” என்றான் ஜான்சன்.

ஒரு பேச்சுக்காவது சுகாசினியைக் கேட்டானா? இல்லை.

நேற்று ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் கேட்டதற்கு, “மாத்தியாச்சு” என்றான். கிட்டாரும் கத்தவில்லை. ஜான்சன் முன்னால் நிற்கவும் இல்லை. தினேஷ் எப்போதும் உட்காருவானே, சுவரோர மூலை, அங்கே போய் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்துகொண்டான். ‘அண்ணன் எடத்தையும் புடிச்சிக்கினானா’ என்று சுகாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள்.

முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. அண்ணன் அதில் இல்லை.

காந்தி ரோடு பட்டுக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். ஜரிகையை விரலால் தடவியே அசலா போலியா என்று சொல்லிவிடுவாள். அவளையா ஏமாற்றுவது? பாதியில் எழுந்து வெளியே போய், செருப்புக் குவியல் பக்கத்தில் நின்று அழுதாள்.

“குடுடா. சும்மா பீரோவுலயாவது வெச்சிக்கிறேன்” என்றாள் இப்போது.

“கழட்டி வெச்சது எதுவும் இல்லக்கா.”

“தூக்கிப் போட்டுட்டியா?” அவள் குரல் உடைந்தது. “எங்கண்ணன் சத்தம்டா அது. நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

ஜான்சன் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான். மேலே பிக்கப் படம். ஒட்டிய டேப்கூடப் பிரிக்கவில்லை. சபையில் வாங்கிக் கொடுத்த அதே புதுசு.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் அவன் சபையிலிருந்து கொண்டுவந்திருந்த கிட்டாரை எடுத்து, கடையிலிருந்த ஸ்பீக்கரில் ஒயரைச் சொருகினான்.

“சாப்பாட்டுக்கு இதுலதான் கூப்புடுவியாமே. அண்ணன் சொல்லியிருக்காரு. கூப்புடுக்கா.”

சுகாசினி குனிந்தாள்.

“அண்ணா... சோறு ஆறிப்போவுதுபா.”

கடை முழுக்கக் கேட்டது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அவளுடைய குரலேதான். பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டு எழுந்து வர அங்கே யாரும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாத்தவே இல்லியா? பாஸ்டர் கேட்டதுக்கு மாத்தியாச்சின்னு சொன்னியே?”

“மாத்துனேன்க்கா. நான் நிக்கிற எடத்த.” ஜான்சன் தலையைச் சொறிந்தான். “ஸ்பீக்கர் கிட்ட நின்னாதான் இது கத்துது. அண்ணன் ஏன் எப்பவும் அந்த மூலையிலயே உக்காந்துக்கினு வாசிச்சாருன்னு அப்பதான் புரிஞ்சிது. இத கழட்டிட்டா நீ எதுக்காக சபைக்கு வருவே? வெளிய சொல்லிடாதக்கா, கிட்டாரையே தூக்கிடுவாங்க.”

முன்னால் நின்று மினுக்கத் துடிக்கிற பையன், மூலையில் போய் உட்கார்ந்தது எதற்கென்று இப்போதுதான் உறைத்தது. திட்டியதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “அப்போ நேத்து ஏன்டா அது எங்கண்ணன் மாதிரி இல்ல?”

ஜான்சன் தன் இடது கையை ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

“காது அவரோடதுதான்க்கா. வெரல்தான் என்னோடது.”